எம்.சி.ஏ.வா, எம்.எஸ்சி.யா, நேரே வேலையா? இராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஓர் ஒப்பீடு

ஏப்ரல் 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். ஏறக்குறைய அதே வாரத்தில் பி.சி.ஏ., பி.எஸ்சி. கடைசி செமஸ்டர் பிள்ளைகளின் கேள்விகளும் வர ஆரம்பிக்கும். பாம்பன், மண்டபம் பக்கமிருந்து "அண்ணே" என்றும் கீழக்கரையிலிருந்து "காக்கா" என்றும் தொடங்குவார்கள். கேள்வி மட்டும் ஒன்றுதான்: "மேல எம்.சி.ஏ. போகவா, எம்.எஸ்சி. போகவா, இல்ல வேலைக்குப் போயிடவா?"

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் பட்டத்தின் பெயரை வைத்தே மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஜாவா, டேட்டாபேஸ், நெட்வொர்க், கொஞ்சம் மெஷின் லேர்னிங் என்று இரண்டு பாடத்திட்டமும் முக்கால்வாசி ஒன்றேதான். கம்பெனி வேலைதான் குறி என்றால், அந்தக் கல்லூரி எந்த ஊரில் இருக்கிறது, அதன் வாசலுக்கு யார் ஆள் எடுக்க வருகிறார்கள் என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்தில் கணினி படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை, அவர்களைத் தேடி வரும் கம்பெனிக்குத்தான் பஞ்சம். கிட்டத்தில் என்றால் மதுரையில் இலந்தைகுளம், வடபழஞ்சியில் உள்ள அரசின் எல்காட் ஐ.டி. வளாகங்கள். அதைத் தாண்டினால் கோவை, சென்னை, பெங்களூரு.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அரசு வேலையும் ஆசிரியர் வேலையும் என்றால் பட்டத்தின் பெயர்தான் எல்லாம். அதை எம்.எஸ்சி. பகுதியில் சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, இந்தப் படிப்பு திறக்கும் கதவு எது: கம்பெனியா, கல்லூரி வேலையா, அரசுப் பள்ளியா, வெளிநாடா? "சும்மா ஒரு பி.ஜி. இருக்கட்டுமே" என்பது பதில் ஆகாது. வேலை கிடைக்கவில்லை என்று இரண்டு வருடத்தைத் தள்ளிப்போடப் படிக்கிறவர்கள், இரண்டு வருடம் கழித்து அதே இடத்தில் கூடுதல் வயதோடு நிற்கிறார்கள்.

இரண்டாவது, மொத்தப் பணம். கட்டணத்தை மட்டும் எல்லோரும் கேட்கிறார்கள். கணக்கில் வராமல் போவது, படிக்கும் காலத்தில் வராத சம்பளம். மாதம் 18,000 ரூபாய் வேலை கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் 24 மாதத்துக்கு 4,32,000. சென்னை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பாதி போய்விடும் என்று கழித்தாலும் 2,16,000 மிஞ்சும். அரசுக் கல்லூரியில் கட்டணம் சில ஆயிரம்தான் என்றாலும், அந்தப் படிப்பின் உண்மையான விலை இதையும் சேர்த்துத்தான்.

மூன்றாவது, பணம் கேட்கும் மாதம். நம் கடற்கரைக்கென்றே உள்ள சிக்கல் இது. விசைப்படகுகளுக்குத் தடை 61 நாள், ஜூன் 14 வரை. 2023-இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் நிவாரணத்தை 5,000-லிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக முதலமைச்சர் அறிவித்தார். இரண்டு மாத வீட்டுச் செலவுக்கே அது காணாது. தடை முடிந்து கடலுக்குப் போனாலும் முதலில் வரும் பணம் டீசலுக்கும் வலைக்கும் பழைய பாக்கிக்கும் போய்விடும். கல்லூரிக் கட்டணமும் விடுதி முன்பணமும் சரியாக அதே ஜூலை, ஆகஸ்டில் வந்து நிற்கும். அப்போது மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக் கட்டுகிற வீடுகள் உண்டு. வட்டி இல்லாத பணம்போலத் தெரியும், ஆனால் வருடம் முழுக்க அவர் சொல்லும் விலைக்கே மீனைப் போட வேண்டியிருக்கும். அதற்கு வங்கிக் கல்விக்கடன் எவ்வளவோ மேல். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் தேவையில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும், வட்டி மட்டும் இடையில் ஏறிக்கொண்டிருக்கும். கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஜூலையில் கேட்டு ஜூலையிலேயே கிடைக்காது, இடம் உறுதியானதுமே கேட்டுவிட வேண்டும்.

நான்காவது, நின்றுபோகும் உதவிகள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் இளங்கலையோடு முடிந்தது. தொழிற்படிப்புகளுக்கான முதல் பட்டதாரி சலுகையும் இளங்கலைக்குத்தான். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுகலைக்கும் தொடரும், குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

ஐந்தாவது ஒன்று உண்டு, யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்: வீடு எவ்வளவு தூரம் விடும்? குறிப்பாகப் பெண் பிள்ளைகளை. கோவையில் தனியாக வேலைக்கு அனுப்பத் தயங்கும் வீடு, அதே கோவையில் கல்லூரி விடுதி என்றால் சரி என்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஊரை விட்டு வெளியே போக முதுகலைதான் ஒரே சீட்டு என்றால், அந்தச் சீட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு.

## ஒரே பார்வையில்

| வழி | நுழைவு | வெளியே தெரியாத செலவு | எதற்குச் சரி |
|---|---|---|---|
| நேரே வேலை | நேர்முகம், தேர்வு | நகர வாடகை, முன்பணம், ஒப்பந்தப் பத்திரம் | வீட்டுக்கு உடனே பணம் தேவைப்படுவோருக்கு |
| எம்.சி.ஏ. | டான்செட், என்.ஐ.டி.க்கு நிம்செட் | விடுதி, இரண்டு வருடச் சம்பளம் | பெரிய ஊர் வளாகத் தேர்வுக்கு |
| எம்.எஸ்சி. | பெரும்பாலும் மதிப்பெண்; மத்தியப் பல்கலைக்கு க்யூட் பி.ஜி. | பின்னால் பி.எட். அல்லது நெட் | ஆசிரியர், விரிவுரையாளர் வேலைக்கு |
| எம்.இ., எம்.டெக். | கேட் அல்லது சீட்டா பி.ஜி. | தயாரிப்பில் போகும் ஒரு வருடம் | ஆராய்ச்சி, பொறியியல் கல்லூரி |
| தொலைநிலை, ஆன்லைன் | நேரடிச் சேர்க்கை | பாதியில் விடுவது | ஏற்கெனவே வேலையில் இருப்போருக்கு |
| வெளிநாடு | மொழித் தேர்வு, விசா | கடன், நாணய மாற்று | அனுபவமும் சேமிப்பும் உள்ளோருக்கு |

## நேரே வேலை

பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்களைப் பெரிய கம்பெனிகள் எடுக்கத்தான் செய்கின்றன, பொறியியல் படித்தவர்களைவிடக் குறைந்த சம்பளத்தில். ஜோஹோ போன்ற நிறுவனம் பட்டத்தைப் பார்க்காமல் திறமையைப் பார்க்கிறது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலேயே அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது. ஆனால் அந்தத் தேர்வில் நிரலை எழுதிக் காட்ட வேண்டும், மனப்பாடம் எடுபடாது.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், முதல் மாதத்தில். சென்னையில் அறை முன்பணம், முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு, ஒரு லேப்டாப். கையில் முப்பது, நாற்பதாயிரம் இல்லாமல் ஏறினால் கடனோடுதான் தொடங்கும். பெண்களுக்குத் தமிழக அரசின் தோழி விடுதிகள் சில நகரங்களில் இருக்கின்றன, இடம் கிடைத்தால் நல்லது. "வேலை வாங்கித் தருகிறேன், இவ்வளவு கட்டு" என்று கேட்கும் கன்சல்டன்சிப் பக்கம் போகவே வேண்டாம்.

எப்போது இது சரி? கையில் உண்மையிலேயே ஒரு வேலை உத்தரவு இருந்தால். அதை விட்டுவிட்டு முதுகலைக்குப் போகச் சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு வருட அனுபவம் உள்ள பி.எஸ்சி.க்காரருக்கும், அனுபவமே இல்லாத எம்.எஸ்சி.க்காரருக்கும் ஒரே வேலைக்குப் போட்டி வந்தால், பெரும்பாலும் முன்னவருக்குத்தான் அழைப்பு போகும். கால் சென்டர், டேட்டா என்ட்ரி மாதிரி வேலையாக இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். அந்த அனுபவத்தை மென்பொருள் கம்பெனிகள் அனுபவமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

## எம்.சி.ஏ.

முன்பு மூன்று வருடமாக இருந்தது. 2020-21 முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. இதை இரண்டு வருடமாக்கியது. அதோடு எம்.எஸ்சி.யைவிட ஒரு வருடம் நீளம் என்ற பழைய குறை போய்விட்டது. பெரியவர்கள் இன்னமும் "எம்.சி.ஏ.ன்னா மூணு வருஷமாச்சே" என்பார்கள், கண்டுகொள்ள வேண்டாம்.

இதன் பலம் ஒரு வரியில் இருக்கிறது. ஆள் எடுக்கும் அறிவிப்புகளில் "பி.இ., பி.டெக்., எம்.சி.ஏ." என்று சேர்த்தே போடுவார்கள். பொறியியல் படிக்காதவரை அந்த வரிசைக்குள் கொண்டுபோய் நிறுத்துவது இந்தப் பட்டம். எம்.எஸ்சி. அந்த வரியில் சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்காது. ஆனால் வரிசையில் நின்றால் போதாது, வரிசை உங்கள் கல்லூரியில் நடக்க வேண்டும். அதனால்தான் ஊரைப் பார்க்கச் சொல்கிறேன். கோவை, திருச்சி, சென்னையில் அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் கிடைக்கும் எம்.சி.ஏ. இடம், ஊருக்குப் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் இடத்தைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது. அந்த இடம் கிடைக்க டான்செட் மதிப்பெண் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் தேர்வு இது: கணக்கு, தர்க்கம், கணினி அறிவு. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும், ஆகவே கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் குறித்துவிடக் கூடாது. கணக்கு மேல் பயமில்லாதவர்கள் நிம்செட்டையும் எழுதிப் பார்க்கலாம். திருச்சி என்.ஐ.டி.யின் எம்.சி.ஏ.வுக்கு வழி அதுதான்.

மறைவான கண்ணி ஒன்று. பல கம்பெனிகள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டு, பட்டம் என்று எல்லாவற்றிலும் 60 சதவீதம் கேட்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் 52 சதவீதம் வாங்கியவருக்கு எம்.சி.ஏ. அந்தக் குறையைக் கழுவித் தராது. சேரும் முன்பே அந்தக் கல்லூரியின் சீனியர் ஒருவரிடம் இதைக் கேட்டுவிடுங்கள். "போன வருஷம் எத்தனை பேருக்கு வேலை கிடைச்சது" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "எம்.சி.ஏ. பிள்ளைகளைத் தேர்வில் உட்கார விட்ட கம்பெனி எது எது" என்று கேளுங்கள். சில வளாகங்களில் கம்பெனி வரும், ஆனால் பி.இ. பிள்ளைகளுக்கு மட்டும்.

நிர்வாக ஒதுக்கீட்டில் லட்சக்கணக்கில் கட்டி எம்.சி.ஏ. சேர்வதை எந்தக் கணக்கு போட்டும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

## எம்.எஸ்சி. கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம்

நம் மாவட்டக் கலைக் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. வீட்டிலிருந்தே போய்வர முடிவது இதன் பெரிய வசதி. இராமேசுவரம் தீவிலிருந்து இராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்ற பிறகு, புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கும்வரை தீவுப் பிள்ளைகளுக்குப் பஸ்தான் கதி. இப்போது ரயில் மறுபடி ஓடுகிறது. ஆனாலும் தினம் மூன்று மணி நேரம் வழியிலேயே போனால், மாலையில் லேப்டாப்பைத் திறக்கத் தெம்பு இருக்காது. காசு மிச்சம், நேரம் நட்டம்.

கம்பெனி வேலைக்கு இதைச் சுற்றுவழி என்றுதான் சொல்வேன். கற்பிக்கும் வேலைக்கு இதுதான் நேர்வழி. கலைக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக முதுகலையில் 55 சதவீதத்தோடு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சி, அல்லது முனைவர் பட்டம் வேண்டும். அரசுப் பள்ளிக் கணினிப் பயிற்றுநர் வேலைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2019-லும் 2025-லும் அறிவிப்பு விட்டது. முதுகலையோடு பி.எட். இருக்க வேண்டும். எம்.எஸ்சி. இரண்டு, பி.எட். இரண்டு, ஆக நான்கு வருடம். இரண்டு அறிவிப்புகளுக்கும் நடுவே எத்தனை வருடம் போயிருக்கிறது என்பதையும் பாருங்கள். அதை நம்பி மட்டும் உட்கார்ந்திருக்க முடியாது, வேறு வேலை பார்த்துக்கொண்டே எழுத வேண்டிய தேர்வு அது.

பட்டத்தின் பெயர் கடிக்கும் இடம் இதுதான். தகவல் தொழில்நுட்பம், மென்பொருள், டேட்டா சயின்ஸ், ஏ.ஐ. என்று புதுப்புதுப் பெயரில் எம்.எஸ்சி. வந்துவிட்டது. அரசு வேலைக்கு அறிவிப்பில் "கணினி அறிவியல்" என்று இருந்தால், உங்கள் பட்டம் அதற்கு இணையானது என்ற அரசாணை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் தேர்வில் தேறியும் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியே நிற்க வேண்டிவரும். ஆசிரியர் வேலையில் ஒரு கண் இருக்கிறவர்கள், பெயர் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதை விட்டுவிட்டு, பழைய "கணினி அறிவியல்" என்ற பெயருள்ள பட்டத்தையே எடுங்கள்.

வெளியூர் போக முடிந்தால் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இரண்டையும் மறக்க வேண்டாம். க்யூட் பி.ஜி. எழுதினால் போதும். நம் பக்கத்திலிருந்து இதற்கு விண்ணப்பிப்பவர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

## எம்.இ., எம்.டெக்.

இது பெரும்பாலும் பி.இ., பி.டெக். முடித்தவர்களுக்கு. எம்.சி.ஏ., எம்.எஸ்சி. முடித்தவர்களையும் சில கல்லூரிகள் எடுக்கும். கேட் தேர்வில் தகுதி பெற்று, அந்த மதிப்பெண் வழியாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, 24 மாதத்துக்கு 2,97,600. சம்பளம் போகிறதே என்ற கவலையைப் பெருமளவு தீர்த்துவிடும். மாநிலத்தின் சீட்டா பி.ஜி. தேர்வு எழுதிச் சேர்ந்தால் இந்தப் பணம் கிடையாது. ஒரே வகுப்பில், பக்கத்து பக்கத்து நாற்காலியில், ஒருவருக்கு உண்டு ஒருவருக்கு இல்லை. கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும், 2024 முதல் டேட்டா சயின்ஸுக்கும் ஏ.ஐ.க்கும் தனித்தாள் வந்திருக்கிறது.

பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தும் ஆசையில் மட்டும் போகிறவர்கள், தனியார் கல்லூரிகளில் என்ன சம்பளம், அது எந்த மாதம் கைக்கு வருகிறது என்று அங்கே வேலை செய்யும் இருவரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

## வேலையும் படிப்பும் சேர்ந்து

இக்னோ என்ற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.சி.ஏ. இரண்டு வருடப் படிப்பு, நான்கு வருடம் வரை எடுத்துக்கொள்ளலாம். அழகப்பா, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களும் தொலைநிலையில் படிப்பு நடத்துகின்றன. எதுவானாலும் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அந்த ஆண்டுக்கு, அந்தப் படிப்புக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று அவர்கள் பட்டியலில் பார்த்துவிட்டுச் சேருங்கள். போன வருடம் இருந்தது என்பது சாட்சி ஆகாது. தொலைநிலையில் பி.டெக்., எம்.டெக். என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அஞ்சல்வழிப் பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரிலேயே தீர்ப்பளித்துவிட்டது.

இதில் பணச் செலவு குறைவு. பெரிய செலவு, பாதியில் விட்டுவிடுவது. ஷிப்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம், அசைன்மென்ட் தேதி என்று மூன்றாவது செமஸ்டரில் சோர்ந்துபோகிறவர்கள் ஏராளம். வேலையில் பதவி உயர்வுக்கு முதுகலை கேட்கிறார்கள் என்றால் சேரலாம், அதற்கொரு காரணம் இருக்கும்போது முடித்துவிடுவார்கள். வளாகத் தேர்வு வேண்டும் என்பவர்களுக்கு இது உதவவே உதவாது.

இன்னொரு வகை, கம்பெனியே படிக்க வைப்பது. விப்ரோவின் திட்டத்தில் பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து, கம்பெனி செலவிலேயே எம்.டெக். படிக்க வைக்கிறார்கள். பதிலுக்கு ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடங்களில் சம்பளம் குறைச்சல்தான், நடுவில் வேறு கம்பெனிக்குத் தாவ முடியாது. ஆனாலும் தடைக்காலத்தில் கட்டணம் தேட வேண்டாம், மாதா மாதம் வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பலாம். நம் பக்கத்து மீனவ வீட்டுப் பிள்ளைக்கு மேலே சொன்ன எல்லாவற்றிலும் பொருத்தமானது இதுதான் என்பது என் எண்ணம். இதைப் பற்றிக் கேட்டு வருகிறவர்கள்தான் குறைவு.

## வெளிநாடு

சுருக்கமாகவே சொல்கிறேன். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் விசாவுக்கு முதல் வருடச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில், அதாவது மாதத்துக்குக் கொஞ்சமாக மட்டும் எடுக்க விடும் வங்கிக் கணக்கில், காட்ட வேண்டும். நம் மூன்று வருட இளங்கலையை எல்லாப் பல்கலைக்கழகமும் ஏற்பதில்லை. அமெரிக்கா 2025 செப்டம்பரில் எச்-1பி என்ற வேலை விசாவின் புதிய விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவித்தது; அங்கேயே படித்துவிட்டு மாணவர் விசாவிலிருந்து மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று பிறகு விளக்கம் வந்தது. ஆனாலும் அங்கே வேலை செய்து கடனை அடைத்துவிடலாம் என்ற கணக்கை முன்புபோல நம்ப முடியாது.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டியில் வாப்பாவோ மாமாவோ சபுராளியாக, அதாவது வெளிநாட்டில் சம்பாதிப்பவராக, இருக்கும் வீடுகளில் கேள்வி வேறு மாதிரி: "வளைகுடாவுக்குப் போக பி.ஜி. வேணுமா காக்கா?" அங்கே முதலில் பார்ப்பது அனுபவம். பட்டம் எதுவானாலும் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், சில நாடுகளுக்கு அந்த நாட்டுத் தூதரகம் என்று முத்திரை வாங்கித் தயாராக வைத்திருக்க வேண்டும். தொலைநிலைப் பட்டம் என்றால் சரிபார்ப்பில் கேள்வி வரும். வளைகுடாதான் குறி என்றால் நேரடி வகுப்பில் படித்த இளங்கலையும் மூன்று வருட வேலையும் போதும், தொலைநிலை முதுகலையை அதற்காகச் சேர்க்க வேண்டாம்.

## எந்த மாதம் என்ன செய்வது

மே மாதம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான், பாதி வழிகள் அதற்குள் மூடியிருக்கும். கேட் விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பரில், தேர்வு பிப்ரவரியில். க்யூட் பி.ஜி.க்கு டிசம்பர், ஜனவரி வாக்கில் விண்ணப்பம், மார்ச்சில் தேர்வு. டான்செட், சீட்டா பி.ஜி. இரண்டுக்கும் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் விண்ணப்பித்து மார்ச்சில் எழுத வேண்டும். கடைசி வருடத்தின் தீபாவளிக்குள் முடிவெடுத்தால் எல்லா வழியும் திறந்திருக்கும். டான்செட்டைத் தவறவிட்டவர்கள் அவசரத்தில் ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் சேர்வதைவிட, ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு அடுத்த மார்ச்சில் எழுதுவது நல்லது. அந்த இடைவெளியைக் கம்பெனி குறையாகப் பார்க்காது, சும்மா இருந்த இடைவெளியைத்தான் பார்க்கும்.

சேரும் நாளில் அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் கொடுங்கள், கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரி அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆகஸ்டில் வேறு நல்ல இடம் கிடைத்து மாற நினைக்கும்போது, "கட்டணத்தை முழுக்கக் கட்டினால்தான் டி.சி." என்று இழுத்தடிக்கும் கல்லூரிகள் உண்டு. மார்க்‌ஷீட்டுகளைக் கலரில் ஸ்கேன் எடுத்து இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், டி.சி.யை மட்டும் கடைசியாகக் கொடுங்கள்.